கடிதம், சபை, கருத்தரங்கு: திருவனந்தபுரம் கல்லூரி ஆசிரியர்களின் அறிவுத் தொடர்புகள்

திருவனந்தபுரத்தில் கல்லூரிக் கல்வி 1866இல் தொடங்குகிறது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் நிறுவிய ஆங்கிலப் பள்ளி, அந்த ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக உயர்ந்தது. அதன் முதல்வராக ஜான் ராஸ் பொறுப்பேற்றார். மகாராஜா கல்லூரி என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த அந்த நிறுவனமே இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி. ஒரே ஊரில் ஒரே கல்லூரி. ஒரு துறைக்கு ஓரிரு ஆசிரியர்கள். பாடத்திட்டத்தையும் தேர்வையும் முடிவுசெய்யும் பல்கலைக்கழகமோ சென்னையில் இருந்தது. திருநெல்வேலி வரை 1876இல் ரயில் வந்தபோதும், அங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருவனந்தபுரம் சேர மாட்டுவண்டியே துணை. தலைநகருக்கு ரயில் வந்தது 1918இல்தான்.

இந்தச் சூழலில் தன் துறையில் தொடர்ந்து கற்க விரும்பிய ஆசிரியருக்குக் கல்லூரிச் சுவர்களுக்குள் போதிய துணை கிடைக்கவில்லை. 1829இல் தோன்றிய பொது நூலகம் ஊரில் இருந்தது; திருவிதாங்கூரின் சொந்த அஞ்சல் சேவையும் பிரிட்டிஷ் தபாலும் இருந்தன; அரண்மனை, பிரிட்டிஷ் ரெசிடென்சி, கோயில், மடம் ஆகியவற்றைச் சூழ்ந்து தமிழும் மலையாளமும் வடமொழியும் அறிந்தவர்கள் வாழ்ந்தனர். இவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தனக்கென ஓர் அறிவுவட்டத்தை அமைத்துக்கொள்வது ஆசிரியரின் சொந்தப் பொறுப்பாயிற்று. அத்தகைய முயற்சிகளுக்கு இந்த நகரில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

சபைகளின் காலம்

கல்லூரியின் தொடக்க காலத்திலேயே நகரில் கூட்டாகக் கற்கும் அமைப்புகள் உருவாகின. பேட்டை பகுதியில் இராமன் பிள்ளை ஆசான் 1876ஆம் ஆண்டு வாக்கில் 'ஞானப் பிரஜாகரம்' என்ற சபையை நடத்தத் தொடங்கினார். பட்டம் பெற்ற இளைஞர்களும் பட்டமே இல்லாத பண்டிதர்களும் அங்கே ஒன்றாக அமர்ந்து சமயம், தத்துவம், இலக்கியம் பற்றி உரையாடினர். ரெசிடென்சியில் அலுவல் பார்த்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் அங்கே வந்தார். பின்னாளில் கேரளச் சமூகச் சீர்திருத்தத்தின் முன்னோடியாக விளங்கிய சட்டம்பி சுவாமிகள் அங்கே கேட்டும் வாதிட்டும் கற்றார். கல்லூரி வகுப்பறை ஆங்கிலத்தில் நடந்தது. சபையோ தமிழிலும் மலையாளத்திலும் நடந்தது. வகுப்பறையில் இடம்பெறாத சித்தர் மரபும் வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் அங்கே பேசுபொருளாயின.

அந்தச் சபையில் பங்கேற்றவர்களுள் ஒருவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்த அவர், மகாராஜா கல்லூரியில் 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். அந்தப் பள்ளியே பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கிருந்த காலத்தில் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டு வேதாந்தமும் சித்தாந்தமும் பயின்றார். 1880இல் தத்துவத்தில் எம்.ஏ. முடித்தார். சில காலம் அரசு வருவாய்த் துறையில் அலுவல் பார்த்தபின், பேராசிரியர் ராபர்ட் ஹார்வி தாயகம் திரும்பியபோது அவரது இடத்தில் 1885இல் தத்துவப் பேராசிரியரானார்.

ஹார்விக்கும் சுந்தரம் பிள்ளைக்கும் இருந்த உறவு ஆசிரியர், மாணவர் என்ற அளவில் நிற்கவில்லை. தமக்குக் கிடைத்த நிலத்துக்கு ஹார்விபுரம் என்று பெயரிட்ட சுந்தரம் பிள்ளை, 1891இல் வெளியான 'மனோன்மணீயம்' நாடகத்தை அவருக்கே உரிமையாக்கினார். மேலைத் தத்துவத்தை ஹார்வியிடமும் சைவ சித்தாந்தத்தைக் கோடகநல்லூர் சுவாமிகளிடமும் கற்ற இந்த இரட்டைப் பயிற்சிதான் அவரது எழுத்துக்கு அடித்தளம். 1885இல் அவர் தொடங்கிய சைவப் பிரகாச சபை, நகரத்துத் தமிழர்கள் கூடிப் படிக்கவும் சொற்பொழிவு கேட்கவும் நிலையான இடமாயிற்று.

கடிதமும் கல்வெட்டும்

சபை ஊருக்குள் இருப்பவர்களை ஒன்று சேர்த்தது. ஊருக்கு வெளியே உள்ளவர்களோடு கடிதமும் ஆய்விதழும் இணைத்தன. சுந்தரம் பிள்ளையின் திருஞானசம்பந்தர் கால ஆராய்ச்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சம்பந்தர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவர் என்று கால்டுவெல் கணித்திருந்தார். இலக்கியச் சான்றுகளோடு, அரசுக் கல்வெட்டாய்வாளர் ஹூல்ஷ் வெளியிட்டுவந்த சோழர் கல்வெட்டுகளையும் சேர்த்துப் பார்த்த சுந்தரம் பிள்ளை, சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவராக இருக்க இயலாது என்று வாதிட்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் வெளியான அந்தக் கட்டுரையைக் கல்வெட்டறிஞர் வெங்கையா போன்றோர் வேறு சான்றுகளால் வலுப்படுத்தினர். சிறுத்தொண்டர் வாதாபிப் போரில் பங்குகொண்டவர் என்ற செய்தி, சம்பந்தரை முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் காலத்தோடு இணைத்தது. தத்துவம் கற்பித்த ஒரு கல்லூரி ஆசிரியரும் அரசுத் துறைக் கல்வெட்டாய்வாளர்களும் அச்சின் வழியாக உரையாடி, தமிழ் இலக்கிய வரலாற்றின் கால வரிசையையே மாற்றினர்.

திருவிதாங்கூரில் சிதறிக் கிடந்த கல்வெட்டுகளை அவரே தேடிப் படியெடுத்தார். அவற்றைக் கொண்டு 12ஆம் நூற்றாண்டு முதலான வேணாட்டு அரசர்களின் வரிசையை வகுத்து, 'திருவிதாங்கூரின் பண்டை மன்னர்கள்' பற்றிய ஆங்கில ஆய்வை எழுதினார். அது 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வெளிவந்து இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆய்வாளர்களையும் எட்டியது. சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துவந்த மாவட்ட முன்சீப் ஜே.எம். நல்லசாமிப் பிள்ளைக்கு 1896இல் அவர் எழுதிய கடிதம், திராவிடச் சிந்தனையின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சுட்டப்படும் ஆவணம். முன்சீப், தபால் அலுவலர், கல்வெட்டாய்வாளர், பண்டிதர் என்று பல பணிகளில் இருந்தவர்களே அக்காலத் தமிழாய்வைச் சுமந்தனர்; கல்லூரி ஆசிரியர் அவர்களில் ஒருவர், அவ்வளவே.

1897 ஏப்ரலில் சுந்தரம் பிள்ளை 42ஆம் வயதில் காலமானார். அவர் திரட்டிய ஆய்வு வட்டத்துக்கு இதழோ, ஆண்டுக் கூட்டமோ, ஊதியம் பெறும் ஆய்வுப் பணியோ இருக்கவில்லை. அதனால் அவரோடு அதன் மையமும் மறைந்தது. அவர் அச்சில் ஏற்றியவை மட்டும் பயணத்தைத் தொடர்ந்தன. சம்பந்தர் ஆய்வு, பண்டித சவரிராயர் திருச்சியிலிருந்து நடத்திய 'தமிழியன் ஆன்டிகுவரி' வழியாக 1909இல் மறுபடியும் வெளிவந்தது.

அரசுத் துறைகளும் அறிஞர் குழுக்களும்

அடுத்த தலைமுறையில் தனி மனிதர்கள் செய்த வேலையின் ஒரு பகுதியை அரசே ஏற்றது. 1908இல் தொல்லியல் துறைக் கண்காணிப்பாளராக தி.அ. கோபிநாத ராவ் அமர்ந்தார். 'திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை' 1910 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. சுந்தரம் பிள்ளை தேடி அலைந்த கல்வெட்டுகளும் செப்பேடுகளும் இனி நூலக அலமாரியில் எந்த ஆசிரியருக்கும் கிடைத்தன.

வடமொழித் துறையிலும் இதுவே நடந்தது. திருநெல்வேலி மாவட்டத்துத் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி, திருவனந்தபுரம் வடமொழிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1905இல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையைத் தொடங்கினார்; பின்னர் வடமொழிச் சுவடிகளைப் பதிப்பிக்கும் துறையின் பொறுப்பை ஏற்றார். பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரையில் 1909இல் கிடைத்த ஓலைச்சுவடிகளிலிருந்து பாசனுடையவை என்று அவர் கருதிய நாடகங்களை 1912 முதல் பதிப்பித்தார். அவற்றின் ஆசிரியர் யார் என்ற விவாதத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இறங்கின. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. சுவடி வைத்திருந்த மடத்தையும் அச்சகத்தையும் அயல்நாட்டு அறிஞரையும் ஒரே சங்கிலியில் கோத்தது ஒரு தொடர் வெளியீடு.

தமிழ்ப் பக்கத்தில் நாஞ்சில் நாட்டவரின் பங்கு பெரிது. 1956 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததால், அங்கிருந்து படித்து வந்தவர்களுக்குத் திருவனந்தபுரமே தலைநகர். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்து 1931இல் ஓய்வு பெற்றார். கவிஞராகவே இன்று பலரும் அறியும் அவர் கல்வெட்டாய்விலும் ஆழ்ந்திருந்தார். சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் காந்தளூர்ச்சாலை பற்றிய நீண்ட விவாதத்தில் அவரது ஆய்வு தவிர்க்க இயலாத ஒரு தரப்பு. 9ஆம் நூற்றாண்டுப் பார்த்திவசேகரபுரம் செப்பேடு, புதிய கல்விச்சாலை ஒன்றுக்குக் காந்தளூரை முன்மாதிரியாகச் சுட்டுகிறது. தொல்லியல் வரிசையில் அந்தச் செப்பேடு அச்சாகாமல் போயிருந்தால் அந்த விவாதம் அவ்வளவு தூரம் சென்றிருக்காது. 1920களின் இறுதியில் டி.கே. ஜோசப்பைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கேரளா சொசைட்டி வெளியிட்ட ஆய்வுத் தாள்களும் மொழி எல்லை பாராமல் வரலாற்று ஆர்வலர்களை ஒரு மேடையில் சேர்த்தன.

இதே ஊரில் வழக்கறிஞராகச் சில ஆண்டுகள் இருந்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. கவிமணி போன்றோரின் நட்பில் அவரது ஆய்வு ஆர்வம் வளர்ந்தது. 1922இல் 'மனோன்மணீயம்' நூலை அவர் பதிப்பித்தார். சுந்தரம் பிள்ளையிடம் நேரில் கற்க வாய்ப்பில்லாத தலைமுறை, பதிப்புப் பணி மூலம் அவரோடு உறவு கொண்டது. வையாபுரிப்பிள்ளை பின்னர் சென்னை சென்று தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார்.

மலையாளப் பேராசிரியர்களும் இந்தத் தமிழ்ச் சான்றுகளைப் பயன்படுத்தினர். பல்கலைக்கழகக் கல்லூரியில் மலையாளம் கற்பித்த இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை, வட்டெழுத்தையும் சங்க இலக்கியத்தையும் கற்று, அச்சிலிருந்த கல்வெட்டுகளின் துணையோடு சேரப் பெருமாள்களின் வரலாற்றை எழுதினார். வரலாற்றுத் துறையைச் சேராத ஓர் ஆசிரியர் கேரள வரலாற்றாய்வின் போக்கையே திருப்பினார் என்றால், முந்தைய இரண்டு தலைமுறைகள் சேர்த்துவைத்த பொதுச் சொத்து அவர் கைக்கு எட்டியதே அதற்கு வழிவிட்டது.

பல்கலைக்கழகம் வந்த பிறகு

1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தோன்றியது. 1957இல் அது கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1940களில் அங்கே தமிழுக்கென ஆய்வுத் துறை உருவானது. 1951இல் வையாபுரிப்பிள்ளை அந்தத் துறைக்குப் பேராசிரியராகத் திரும்பி வந்தார். அப்போது அவரோடு பழகி ஆய்வுமுறை கற்ற இளைஞர்களுள் ஒருவர் வ.அய். சுப்பிரமணியம்.

1926இல் நாகர்கோவில் வடசேரியில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்ற சுப்பிரமணியம், அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்று 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். புனே டெக்கான் கல்லூரியைச் சுற்றி ராக்ஃபெல்லர் நிதியுதவியோடு கோடைப் பள்ளிகள் நடந்து, இந்தியக் கல்லூரி ஆசிரியர்களுக்கு மொழியியல் அறிமுகமான காலம் அது. அவர் ஊர் திரும்பியபோது நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. திருவனந்தபுரத்துத் தமிழ்த் துறை இனித் தமிழ்நாட்டுக்கு வெளியே நிற்கும் துறை. தனித்துப் போகாமல் இருக்க அது பிற பல்கலைக்கழகங்களோடு உறவு கொண்டே ஆக வேண்டும். சுப்பிரமணியம் அந்தக் கட்டாயத்தையே வாய்ப்பாக்கினார்.

முதலில் துறைக்குள் ஒழுங்கு வந்தது. ஆசிரியரும் ஆய்வு மாணவரும் வாரந்தோறும் கட்டுரை படித்து, எதிர்வாதத்துக்கு விடை சொல்லும் கருத்தரங்கு வழக்கமாயிற்று. அடுத்து, ஒருவர் உழைப்பு மற்றவருக்குப் பயன்படும் வகையில் ஆய்வு திட்டமிடப்பட்டது. ஒரு நூலை ஆராயுமுன் அதன் சொற்கள் அனைத்தையும் அடைவாக்குவது அத்திட்டத்தின் அடிப்படை. 1962இல் வெளியான புறநானூற்றுச் சொல்லடைவு சுப்பிரமணியத்தின் சொந்தப் பங்களிப்பு. ச.வே. சுப்பிரமணியன் சிலப்பதிகார மொழியை எடுத்துக்கொண்டார். இப்படி நூல் நூலாகப் பிரித்துச் செய்த ஆய்வுகள் கூடிவந்தபோது தமிழ் மொழியின் வரலாற்று இலக்கணத்துக்கான தரவு திரண்டது. 1963இல் மொழியியல் தனித் துறையாயிற்று. மலையாள வட்டார வழக்குகளைக் களத்தில் சென்று திரட்டும் பணியும் தொடங்கி, ஈழவர், தீயர் வழக்கு பற்றிய முதல் தொகுதி 1974இல் வெளிவந்தது. தமிழ் ஆசிரியர் ஒருவர் தலைமையில் மலையாளத்தின் பேச்சுமொழி அளவை நடந்தது என்பதே அந்தத் துறையின் போக்கைக் காட்டும்.

வெளியுலகத் தொடர்பில் பெரிய அடி 1964 ஜனவரியில் விழுந்தது. புது தில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆவது உலக மாநாடு நடந்தபோது, மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்த தனிநாயகம் அடிகளும் சுப்பிரமணியமும் முன்கையெடுத்து, அங்கே வந்திருந்த தமிழாய்வாளர்களை ஒன்றுகூட்டினர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அங்கே பிறந்தது. பிரான்சின் ழான் ஃபிலியோசா அதன் முதல் தலைவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு, 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம். அதற்குமுன் நூல்களில் மட்டுமே சந்தித்த எமனோ, பர்ரோ, சுவலபில் போன்ற மேலை அறிஞர்களும் இந்திய, இலங்கை, மலேசியக் கல்லூரி ஆசிரியர்களும் ஒரே மேடையின் உறுப்பினரானார்கள்.

மாநாடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். அரசியலும் விழாவும் அதில் கலந்துவிடும். இடைவிடாத தொடர்புக்கு வேறு வடிவம் வேண்டியிருந்தது. 1971இல் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியல் கழகம் நிறுவப்பட்டது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு கற்பிப்போர் ஆண்டுதோறும் வெவ்வேறு ஊரில் கூடிக் கட்டுரை படித்தனர். 1972இல் கழகத்தின் ஆங்கில ஆய்விதழ் தொடங்கியது. நான்கு மொழி ஆசிரியரும் ஒருவர் ஆய்வை மற்றவர் படிக்க ஆங்கிலம் பொதுத் தளமாயிற்று. 1977இல் தும்பாவுக்கு அருகில் மேனங்குளத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி எழுந்தது. நூலகமும் பதிப்பகமும் கொண்ட அந்தப் பள்ளி, 1990 முதல் திராவிடக் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளை வெளியிட்டது.

தமிழ் கற்பிப்போருக்கென இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றமும் இதே காலத்தில் செயல்படத் தொடங்கியது. அதன் ஆண்டுக் கருத்தரங்கில் படிக்கப்படும் கட்டுரைகள் 'ஆய்வுக் கோவை'யாக அச்சேறின. சிற்றூர்க் கல்லூரியில் பணியாற்றிய பல விரிவுரையாளர்களுக்கு முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட வாய்ப்பளித்தவை இத்தகைய தொகுதிகளே.

திருவனந்தபுரத்தில் பயின்றவர்கள் தங்கள் பழக்கங்களையும் கொண்டு சென்றனர். ச. அகத்தியலிங்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்தார். ச.வே. சுப்பிரமணியன் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராகச் சென்றவர் சுப்பிரமணியம். அடுத்து அந்தப் பொறுப்பை ஏற்றவர் அகத்தியலிங்கம்.

துறைக்கு வெளியே

எல்லா ஆசிரியரும் தம் துறைக்குள்ளேயே தோழமை தேடவில்லை. மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைசாமி, நகுலன் என்ற பெயரில் தமிழ் நவீன இலக்கியத்தின் முக்கியமான கவிஞரும் நாவலாசிரியருமானார். மின்வாரியப் பொறியாளர் நீல. பத்மநாபன், சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன் ஆகியோர் அவரது ஊர் வட்டம். 1968இல் நகுலன் தொகுத்த 'குருக்ஷேத்திரம்' தமிழின் புதிய எழுத்தாளர்கள் பலரை ஒரே நூலில் கொண்டுவந்தது. சங்கமும் உறுப்பினர் கட்டணமும் இல்லாத இந்த வட்டத்தை வீட்டுப் பேச்சும் கடிதமும் சிற்றிதழும் தாங்கின.

பணிப்பயிற்சியின் காலம்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், ஆசிரியரின் தொடர்கல்வி விருப்பத்திலிருந்து விதியாக மாறியது. பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் ஆசிரியர் பணிப்பயிற்சிக் கல்லூரிகளை அமைத்தது. கேரளப் பல்கலைக்கழகமும் அத்திட்டத்தில் சேர்ந்தது. புதிதாகப் பணியேற்போருக்கு அறிமுகப் பயிற்சியும் பிறருக்குப் புத்தொளிப் பயிற்சியும் பதவி உயர்வுக்குத் தேவையாயின. வெவ்வேறு கல்லூரி ஆசிரியர்கள் சில வாரங்கள் ஒன்றாகத் தங்கிப் பேசும் வாய்ப்பு இதனால் பரவலாகக் கிடைத்தது. முன்பு தனித்திறமையும் நல்ல அறிமுகமும் உள்ளவருக்கு மட்டுமே வாய்த்த தொடர்பு, எல்லா ஆசிரியருக்கும் எட்டியது இதன் பெரும் பயன். சான்றிதழ் கையில் வந்ததும் உறவு முடிந்துவிடுவது இதன் குறை.

மேற்கண்ட வரலாற்றில் வென்றவையும் நலிந்தவையும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு மனிதரின் ஆளுமையைச் சுற்றி எழுந்த வட்டங்கள் அவரது இடமாற்றத்தோடோ மரணத்தோடோ கலைந்தன. வாரக் கருத்தரங்கு, ஆண்டுக் கூட்டம், தவறாமல் வரும் இதழ், பலர் பகிர்ந்து செய்யும் சொல்லடைவு, பிறர் பயன்படுத்தும் பதிப்பு ஆகியவற்றைப் பற்றிக்கொண்ட வட்டங்கள் தலைமுறை தாண்டின. சுந்தரம் பிள்ளையின் மேதைமை சுப்பிரமணியத்தின் அமைப்புத் திறனுக்குக் குறைந்ததன்று. அதை அடுத்தவர் கையில் ஒப்படைக்க அவர் காலத்தில் அமைப்பு இல்லை என்பதே வேறுபாடு. தொடர்பு வலுப்பெற அறிமுகம் மட்டும் போதாது. கூடிச் செய்ய ஒரு வேலையும், அது முறையாக நடக்க ஒரு நாளும் வேண்டும் என்பதைத் திருவனந்தபுரத்தின் கல்லூரி ஆசிரியர்கள் தம் செயலால் நிறுவியுள்ளனர்.